‘காணாதோ’ என்று கேட்ட டொக்டர்

கிறேஸுக்கு ஆஸ்பத்திரி எழுத்தில் கொடுத்திருந்த வேலை, நோயாளர் அட்டைகளை அடுக்கி வைப்பதும் கிளினிக் கதவடியில் நின்று நம்பர் கூப்பிடுவதும்தான். எழுத்தில் இல்லாத இன்னொரு வேலையையும் அவள் பதினொரு வருடமாகச் செய்துவந்தாள். சிங்கள டொக்டர் கேட்பதைத் தமிழில் நோயாளிக்கும், நோயாளி சொல்வதைச் சிங்களத்தில் டொக்டருக்கும் சொல்வாள். கண்டிக்குக் கிழக்கே இருக்கும் அந்த அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஹேவாஹெட்ட மலைத் தோட்டங்களிலிருந்தும் தெல்தெனியப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். செவ்வாய்க்கிழமை சீனி வருத்தக் கிளினிக்கில், அதாவது நீரிழிவுக் கிளினிக்கில் மட்டும் நூற்றைம்பது பேர். அதில் பாதிப்பேருக்காவது கிறேஸின் வாய் வேண்டியிருந்தது.

ஆனால் இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த வாய்க்கு ஒரு பூட்டு விழுந்தது. ஒரு கிழவர் “நெஞ்சு கரிக்குது” என்றதை டொக்டர் நெஞ்சு வலி என்று எழுதப்போக, கிறேஸ் குறுக்கே பேசி அது நெஞ்செரிச்சல் என்று திருத்தினாள். அவள் சொன்னது சரிதான். ஆனால் நோயாளிகள் முன்னால் ஒரு சிற்றூழியர் திருத்தியது அந்த டொக்டருக்குப் பிடிக்கவில்லை. மேற்பார்வையாளர் அவளை அறைக்குக் கூப்பிட்டு, “கூப்பிட்டா மட்டும் பேசுங்க. கூப்பிடாட்டி நம்பரைப் பார்த்துக்கொண்டு நில்லுங்க” என்று சிங்களத்தில் சொல்லி அனுப்பினார். அன்று வீடிருக்கும் குண்டசாலைக்குத் திரும்பும் பஸ்ஸில் அவள் யன்னலைப் பார்த்தபடியே வந்தாள். அதற்குப் பிறகு கூப்பிட்டால் மட்டும்தான் பேசினாள்.

போன வருடம் யாழ்ப்பாணத்திலிருந்து டொக்டர் தியாகராஜா வந்தபோது எல்லாருக்கும் பெரிய நிம்மதி. இனித் தமிழ் ஆட்களைத் தமிழ் டொக்டரே பார்ப்பார், நடுவில் ஆள் தேவையில்லை. முப்பது வயதுகூட ஆகாத மெலிந்த பையன். யாரையும் சுள்ளென்று பேசமாட்டான். கிறேஸை முதல் நாளே அக்கா என்றான். அவன் மேசைக்கு நோயாளிகளை அனுப்பிவிட்டு அவள் கதவடியில் நின்றாள்.

ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தோனியம்மா வந்தார். ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பத்தெட்டு வருடம் கொழுந்து பறித்தவர். இப்போதும் நாள்கூலிக் கைக்காசுக்குப் பறிக்கிறவர். இரண்டு பஸ் மாறி, நெற்றியில் வியர்வையோடு வந்து கதிரையின் விளிம்பில் உட்கார்ந்தார். அட்டையைப் பார்த்த டொக்டரின் புருவம் சுருங்கியது. மூன்று மாதமாகக் கட்டுக்குள் இருந்த சீனி இந்த முறை நன்றாக ஏறியிருந்தது.

“இந்தக் குளிசை காணாதோ அம்மா?” என்று அவன் கேட்டான்.

அந்தோனியம்மா தலையைக் குனிந்துகொண்டு, “ஆமாங்க ஐயா” என்றார்.

“எவ்வளவு நாளா?”

“பன்னண்டு நாளு இருக்குங்க.”

“சரி, பயப்பிடாதேங்கோ. கூட்டித் தாறன்.” அவன் மாத்திரையின் அளவை இரட்டிப்பாக்கி எழுதினான். அந்தோனியம்மா கும்பிட்டுவிட்டு எழுந்தார்.

கதவடியில் நின்ற கிறேஸுக்கு எதுவோ நெருடியது. மருந்து குணம் காட்டவில்லை என்று சொல்கிற ஆள் ஏன் பள்ளிக்கூடத்தில் கொப்பியைத் தொலைத்த பிள்ளைபோல் தலையைக் குனிய வேண்டும்? ஒரு அடி முன்னால் வைத்தாள். டொக்டர் அடுத்த அட்டையை எடுத்துவிட்டான். இருபத்தேழாம் நம்பர் எழுந்து நின்றது. கிறேஸ் இருபத்தெட்டைக் கூப்பிட்டாள்.

ஆறாம் நாள், திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, அந்தோனியம்மாவை அம்புலன்சில் கொண்டுவந்தார்கள். கொழுந்து மலையில் கைகால் நடுங்கி, உடம்பெல்லாம் வியர்த்து, பேச்சுக் குழறி விழுந்திருந்தார். மகள் ஷாமலா பக்கத்து நிரையில் நின்றதால் தப்பியது. வாயில் சீனித் தண்ணீரை ஊட்டி, நாலு பேராகச் சாக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு றோட்டுக்கு வந்திருந்தார்கள். இரத்தத்தில் சீனி அதலபாதாளத்துக்கு இறங்கியிருந்தது. ஊசி ஏற்றியதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தார். “எங்க இருக்கேன்?” என்று முதல் கேள்வி. “கொழுந்து எட போட்டாச்சா?” என்று இரண்டாவது.

மதியத்துக்குப் பிறகு கிறேஸ் வார்ட்டுக்குப் போனாள். ஷாமலா அம்மாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். அந்தோனியம்மா கிறேஸை அடையாளம் கண்டு சிரித்தார்.

“அந்த ஐயா கெட்டிக்காரரு தங்கச்சி. நான் வாயே தொறக்கல, மாத்தர காணாமப் போனத எப்புடித்தான் கண்டுபுடிச்சாரோ.”

“காணாமப் போச்சா?”

“ஆத்தக் கடக்கையில பை தண்ணியோட போயிருச்சும்மா. உள்ளுக்குத்தான் மாத்தர உறை எல்லாம் இருந்துச்சு. ஏசுவாங்கன்னு பயந்து பேசாம இருந்துட்டேன். பன்னண்டு நாளு மாத்தரயே இல்ல. ஆனா ஐயா அட்டயப் பாத்ததும் கேட்டுட்டாரு, ‘குளிச காணாதா’ன்னு. நான் ஆமான்னேன். ஏசவே இல்ல. கூட்டித் தாரேன்னாரு.”

கிறேஸ் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பத்தொன்பது வயதில் கண்டியில் ஒரு புடவைக்கடையில் அவள் வேலைக்கு நின்றபோது, யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் துணியை விரித்துப் பார்த்து, “ரெண்டு மீற்றர் காணாது பிள்ளை” என்றார். கிறேஸ் மேசைக்கு அடியில் குனிந்து தேடிவிட்டு, “இங்கதானேங்க இருக்கு” என்று துணியைத் தூக்கிக் காட்டினாள். கடையே சிரித்தது. யாழ்ப்பாணத்தில் காணாது என்றால் போதாது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அந்த அம்மா சொன்னதையே மலையில் ‘பத்தாது’ என்பார்கள். மலையில் ஒன்று காணோம் என்றால், அது தொலைந்தது.

டொக்டர், மாத்திரை போதவில்லையா என்று கேட்டிருக்கிறான். அந்தோனியம்மா, மாத்திரை தொலைந்துவிட்டதா என்று கேட்கிறான் என்று நினைத்திருக்கிறார். பன்னிரண்டு நாள் மருந்தே இல்லாத உடம்பில் சீனி ஏறாமல் என்ன செய்யும்? அந்த உடம்புக்கு இரண்டு மடங்கு மருந்து போயிருக்கிறது.

இதை யாரிடம் சொல்வது என்பது பெரிய கேள்வியில்லை. எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி. கூப்பிட்டால் மட்டும் பேசு என்று சொல்லியிருக்கிறார்கள். யாரும் கூப்பிடவில்லை. இந்த முறை திருத்தப்போவதோ ஒரு டொக்டரின் தாய்மொழியை. கிறேஸ் வார்ட்டுக்கும் கிளினிக்குக்கும் நடுவில் உள்ள நடைபாதையை இரண்டு தடவை நடந்தாள். மூன்றாம் தடவை டொக்டர் தியாகராஜா எதிரே வந்தான். நின்றுவிட்டாள்.

“டொக்டர், ஒரு நிமிசம். அந்தோனியம்மா விசயம்.”

அவள் சொல்லி முடிக்கும்வரை அவன் குறுக்கிடவில்லை. முடிந்ததும் முகம் இறுகியது.

“நான் தமிழிலதானே கேட்டனான்?”

“தமிழ்லதான் கேட்டீங்க டொக்டர். அவங்களும் தமிழ்லதான் பதில் சொன்னாங்க.”

அவன் சுவரோடு இருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்தான். கழுத்தில் கிடந்த ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மடியில் வைத்தான். “அண்டைக்கு நீங்கள் கதவடியிலதானே நிண்டனீங்கள். ஏன் அக்கா சொல்லேல்லை?” என்று கேட்டான். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிய குரல். அதனாலேயே அவளுக்கு அழுகை வந்தது.

“ஏதோ சரியில்லன்னு பட்டுச்சு டொக்டர். என்னான்னு தெளிவாத் தெரியல. கேட்டிருக்கணும். பயந்துட்டேன்.”

பூட்டு விழுந்த கதையையும் சொன்னாள். அவன் தலையை ஆட்டினான். எழுந்து நேராக வார்ட்டுக்குப் போனான். கிறேஸும் பின்னால் போனாள்.

கட்டிலடியில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, நடந்ததை அந்தோனியம்மாவுக்கு அவன் ஒன்றுவிடாமல் சொன்னான். “நீங்கள் உண்மையைச் சொன்னீங்கள். எனக்குத்தான் விளங்கேல்லை. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்றான். அந்தோனியம்மா பதறிப்போய் எழும்பப் பார்த்தார்.

“ஐயோ, நீங்க ஏன்யா? மாத்தரய ஆத்துல விட்டவ நானு.”

“ஆத்தில விட்டது நீங்கள். கூட்டிக் குடுத்தது நான்.”

ஷாமலா மட்டும் சும்மா இருக்கவில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகத்தில் வேலை செய்து, லீவு நாளில் கொழுந்தும் பறிக்கிற பெண். நாலு பேரோடு சாக்கில் அம்மாவைத் தூக்கி வந்தவள். “எங்கம்மா செத்திருந்தா அந்த அட்டயில என்னான்னு எழுதியிருப்பீங்க?” என்று கேட்டாள். அந்தோனியம்மா மகளின் கையைத் தட்டினார். ஆனால் கேள்வி கேட்டாயிற்று. அது அங்கேயே நின்றது.

அன்று பின்னேரமே டொக்டர் தியாகராஜா தன் பிழையைத் தானே எழுதி, கிளினிக்குக்குப் பொறுப்பான பெரிய டொக்டரிடம் கொடுத்தான். பெரிய டொக்டர் ஐம்பது தாண்டிய சிங்களப் பெண்மணி, பேச்சில் சிக்கனம். புதன்கிழமை காலை கிறேஸைக் கூப்பிட்டு அனுப்பினார். கிறேஸ் போகும்போதே வேலை போய்விட்டது என்று முடிவுகட்டிக்கொண்டாள். கணவன் சுவக்கின் ஓட்டும் த்ரீவீலரின் வருமானத்தில் மூன்று பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு எப்படி ஆகும் என்றுகூட யோசித்துவிட்டாள்.

“உட்காருங்க. ‘மதி’ என்பதற்குத் தமிழில் என்ன?” என்று பெரிய டொக்டர் சிங்களத்தில் கேட்டார். சிங்களத்தில் போதாது என்பதற்கு அந்தச் சொல்தான்.

“எந்த இடத்துத் தமிழில், மெடம்?”

“எத்தனை இருக்கிறது?”

கிறேஸ் விரலை மடக்கினாள். புத்தகத்தில் போதாது. மலையில் பத்தாது. யாழ்ப்பாணத்தில் காணாது. குழம்பில் உப்பு போதாவிட்டால் கம்மி என்பார்கள், குறைவு என்றும் சொல்வார்கள். கடையில் சாமான் இல்லாவிட்டால் தட்டுப்பாடு. உடம்பில் சத்து இல்லாவிட்டால் குறைபாடு. அரசாங்கக் கச்சேரிக் கடிதத்தில் பற்றாக்குறை.

“இரத்தசோகைக்கு நாங்கள் சொல்கிற ‘லே மதி’யை எப்படி விளங்கிக்கொள்கிறார்கள்?”

“இரத்தம் பத்தாது என்று நான் சொன்னால் விளங்கும் மெடம். நான் இல்லாத அன்று ஒரு தாய் வெளியே வந்து, ‘லேமதி, லேமதின்னு கூப்பிடுறாங்க, எம் மக பேரு ரேவதிங்க’ என்று என்னிடம் முறைப்பட்டார்.”

பெரிய டொக்டர் சிரித்ததை அந்த அறையில் யாரும் அதிகம் கண்டதில்லை. பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, “இதையெல்லாம் எழுதித் தாருங்கள். இந்த ஒரு சொல் மட்டும் இல்லை. வலி, மயக்கம், மருந்து, சாப்பாடு, எதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறுகிறதோ அதெல்லாம். ஒரு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார்.

“நானா மெடம்? நான் சிற்றூழியர்.”

“எனக்கு அது தெரியும். இது தெரிந்த ஆள்தான் வேண்டும்.”

அந்த மாதம் முழுக்கக் கிறேஸ் ஒரு நூறு பக்கக் கொப்பியோடு அலைந்தாள். பஸ்ஸில் பக்கத்து ஆளின் பேச்சைக் காதில் வாங்கி எழுதினாள். கிளினிக் வரிசையில் நிற்கிறவர்களைக் கேட்டாள். குண்டசாலையில் அடுத்த வீட்டுக் கைரியா ராத்தா தையல் மெசினை நிறுத்திவிட்டு அரைமணி நேரம் பேசினார். “நாங்க பத்தாதுண்டும் சொல்லுவோம், காணாண்டும் சொல்லுவோம். எங்கட வாப்பா தெல்தெனியாவுல, உம்மா வேற ஊரு. அவங்க கல்யாணம் முடிச்ச நாள்ல இருந்து ஊட்டுல ரெண்டும் நடக்குது. சண்ட வந்தா இன்னும் நாலு சொல்லு வரும், அத எழுதாதீங்க” என்றார். சுவக்கின் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு, “குழம்புல உப்பு பத்தல, அதயும் எழுதிக்க” என்றான்.

எழுத எழுத அவளுக்கு அந்தச் சொல்லின் மேல் ஒரு கோபமும் வந்தது. அவளுக்குத் தெரியாத சொல்லா அது? உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழகம் போகப் புள்ளி போதாது என்று வந்தது. தமிழ் தெரிந்த பெண்களைப் பொலிசுக்கு எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு கண்டிக்குப் போய் வரிசையில் நின்றாள். ஓட்டத்தில் தேறி, எழுத்தில் தேறி, கடைசியில் ஒரு பலகையோடு நிற்கவைத்து அளந்தபோது அரை அங்குலம் உயரம் போதாது என்றார்கள். அப்பா அதற்கு “நமக்குப் போதாத காலம்” என்றார். கொப்பியில் அதையும் எழுதினாள்: போதாத காலம் என்றால் நேரம் குறைவு என்று பொருள் இல்லை, கெட்ட காலம் என்று பொருள். நோயாளி அப்படிச் சொன்னால் மணிக்கூட்டைப் பார்க்க வேண்டாம், என்ன கஷ்டம் என்று கேளுங்கள்.

அதற்குக் கீழே ‘போதாக்குறைக்கு’ என்று எழுதினாள். ஏற்கெனவே ஒரு துன்பம் இருக்க, மேலே இன்னொன்று வந்து சேர்ந்தால் சொல்வது. ‘காய்ச்சல், போதாக்குறைக்கு வயிற்றோட்டம்’ என்றால் இரண்டும் இருக்கிறது, எதுவும் குறையவில்லை. இதைச் சிங்களத்தில் விளக்க அவளுக்கு ஒரு முழுப் பின்னேரம் பிடித்தது.

கொப்பி நிறைந்தபோது அவள் டொக்டர் தியாகராஜாவிடம் காட்டினாள். அவன் மத்தியானச் சாப்பாட்டைத் திறக்காமலே பக்கம் பக்கமாகப் படித்தான். யாழ்ப்பாணத்துச் சொற்களில் நாலைந்தைத் திருத்தினான். பிறகு கேட்டான்.

“எல்லாச் சொல்லையும் படிச்சாலும் நாளைக்கு இன்னொரு சொல்லில பிழை விடுவம் அக்கா. அப்ப என்ன செய்யிறது?”

கிறேஸ் இதை ஏற்கெனவே யோசித்திருந்தாள். “பத்துமா பத்தாதான்னு கேக்கவே வேணாம் டொக்டர். ‘மாத்திரைய எடுத்து மேசையில வைங்க’ன்னு சொல்லுங்க. எண்ணிப் பாருங்க. மிச்சம் இருந்தா ஏன் மிச்சம்னு கேளுங்க. ஒண்ணும் கொண்டுவராட்டி எங்கன்னு கேளுங்க. மாத்திரைக்கு எந்த ஊருத் தமிழும் வேணாமே.”

அவன் பேனாவை எடுத்து அதைக் கொப்பியின் முதல் பக்கத்தில், எல்லாச் சொற்களுக்கும் மேலே, சிங்களத்திலும் தமிழிலும் எழுதினான்.

பெரிய டொக்டர் அதை அச்சடித்துக் கிளினிக் மேசைகள் நாலிலும் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். கிறேஸுக்கு மொழிபெயர்ப்பாளர் பதவி தரும்படி மேலிடத்துக்குக் கடிதமும் எழுதினார். பதில் இன்னும் வரவில்லை. அது வரும்வரை செவ்வாய்க்கிழமைகளில் நம்பர் கூப்பிட வேறு ஆள் போட்டார்கள். கிறேஸுக்கு டொக்டர்மார் மேசைகளுக்கு நடுவே ஒரு கதிரை போட்டார்கள். கூப்பிடாமலே பேசலாம் என்று மேற்பார்வையாளரே வந்து சொன்னார். கொஞ்சம் வெட்கத்தோடுதான் சொன்னார்.

ஆவணியில் அந்தோனியம்மா மறுபடி வந்தார், ஷாமலாவோடு. மாத்திரை உறைகளை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மூடியைச் சுற்றிப் பட்டி கட்டி, அதைப் பைக்குள் வைத்திருந்தார். சீனி அளவு நன்றாக இருந்தது. ஷாமலா டொக்டரை முறைப்பதற்கென்றே வந்தவள்போல் உட்கார்ந்திருந்தாள். அவன் டப்பாவைத் திறந்து எண்ணத் தொடங்கியதும் அவளும் குனிந்து கூடவே எண்ணினாள். அவளுடைய எண்ணிக்கையும் அவனுடையதும் ஒத்துவந்தன. போகும்போது, “அடுத்த மொற நான் லீவு எடுக்கத் தேவல்லன்னு நெனைக்கிறேன்” என்று அம்மாவிடம் சொன்னாள், டொக்டருக்குக் கேட்கும்படியாக.

ஐப்பசியில் புதிதாக ஒன்பது டொக்டர்கள் வந்தார்கள். எட்டுப் பேர் சிங்களம், ஒருவர் முஸ்லிம். அவர்களுக்கு ஒரு மணித்தியாலம் கிறேஸ் பேச வேண்டும் என்று பெரிய டொக்டர் சொல்லிவிட்டார். கிறேஸ் அன்று திருநாளுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். குரல் முதல் ஐந்து நிமிடம் நடுங்கியது. அந்தோனியம்மாவின் கதையை, பெயரைச் சொல்லாமல், சொல்லத் தொடங்கிய பிறகு நடுக்கம் நின்றது. ஒருவரும் கைபேசியைப் பார்க்கவில்லை. பின்வரிசையில் டொக்டர் தியாகராஜா உட்கார்ந்திருந்தான். கதையின் முடிவில் எழுந்து, “அந்த டொக்டர் நான்தான்” என்றான். யாரும் அவனிடம் அதைச் சொல்லச் சொல்லவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தப் புதியவர்களில் ஒருவன், கன்னம் சிவந்த சிங்களப் பையன், தெல்தெனியக் கடைக்காரர் மக்கீன் நானாவைத் தன் மேசைக்கு அழைத்தான். “மாத்திரை… மேசை… வைங்க” என்றான், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து. மக்கீன் நானாவுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். ஆனாலும் பையனின் முயற்சியைக் கெடுக்க மனம் வரவில்லை போலும், தமிழிலேயே, “இந்தாங்க மகன்” என்று சட்டைப் பையிலிருந்து எல்லாவற்றையும் மேசையில் கொட்டினார். இருவரும் எண்ணினார்கள். பதினான்கு மாத்திரை மிச்சம்.

“ஏன்?” என்று கேட்டான் பையன்.

மக்கீன் நானா கதிரையை முன்னால் இழுத்துக்கொண்டார். கடை, காலை பஸ், மகளுடைய நிக்காஹ் வேலை, வேளைக்குச் சாப்பிடாமல் மாத்திரை போட்டால் வருகிற தலைச்சுற்று என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். பையன் பாதியைப் பிடித்தான், பாதியை விட்டான். பிடித்ததை எழுதிக்கொண்டான். விட்ட இடத்தில் தலையை நிமிர்த்தி, பக்கத்துக் கதிரையில் இருந்த கிறேஸைப் பார்த்தான். அவள் கதிரையை அந்த மேசைக்குக் கிட்டே தள்ளினாள்.

“கொஞ்சம் மெதுவா சொல்லுங்க நானா,” என்றாள், “டொக்டர் எழுதுறாரு.”